கத்திக்கு முன் ஒலி: தைராய்டுப் புற்றுநோயும் கழுத்து ஸ்கேனும்

நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1981-இல் மும்பைக்கு வந்து, பித்தளை, எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்து பிழைக்கும் நயினார் வீட்டுப் பிள்ளை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. மற்றதெல்லாம் கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளைகளில் படித்ததுதான். முன்பு வந்த மலர்களில் கல்வெட்டு, ஏட்டுச்சுவடி என்று எழுதியவன் இந்த முறை கழுத்துக் கட்டியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று அன்பர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு, 14 ஆண்டு இடைவெளியில், ஒரே நோய் வந்தது. ஒருவர் என் அக்கா. மற்றவர் என் மனைவி. இருவரும் இன்று நம்மோடு இருக்கிறார்கள். ஆனால் அக்காவின் கழுத்தை இரண்டு முறை திறக்க வேண்டி வந்தது. என் மனைவிக்கு ஒரே முறையோடு முடிந்தது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளப் பல மருத்துவர்களிடம் கேட்டேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன். தெரிந்துகொண்டதை நம்மவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்காவுக்கு நடந்தது

2003 வாக்கில் அக்காவின் கழுத்தில் வலப்பக்கம் ஒரு சிறு புடைப்பு தெரிந்தது. வலி இல்லை. தண்ணீர் விழுங்கினால் மேலே ஏறி இறங்கும். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். “தைராய்டு நார்மல்” என்று வந்தது. சரி, ஒன்றுமில்லை என்று இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டார்.

இங்கேயே ஒரு பாடம். ரத்தப் பரிசோதனை சொல்வது அந்தச் சுரப்பி வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்பதை மட்டும்தான். உள்ளே கட்டி இருக்கிறதா, அது நல்லதா கெட்டதா என்பதைச் சொல்லாது. தைராய்டுப் புற்றுநோய் உள்ள பெரும்பாலோருக்கு ரத்தப் பரிசோதனை நார்மலாகவே இருக்கும். கடையில் வியாபாரம் நடக்கிறது என்பதால் சுவரில் விரிசல் இல்லை என்று ஆகிவிடுமா?

2005-இல் ஊர்ப்பக்கம் ஒரு மருத்துவமனையில் வலப்பாதிச் சுரப்பியை எடுத்தார்கள். அதற்கு முன் ஸ்கேன் எடுக்கத்தான் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட் இன்றும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் மூன்று வரி. கட்டி இருக்கிறது, இன்ன அளவு, வலப்பக்கம். கழுத்தின் மற்ற இடங்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எடுத்த கட்டியைச் சோதித்ததில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் என்று வந்தது. சிறியதுதான், இதுவே போதும் என்றார்கள்.

14 மாதம் கழித்துக் கழுத்தின் ஓரத்தில் நெறி கட்டின மாதிரி ஒரு வீக்கம். இப்போதுதான் கழுத்து முழுவதும் ஸ்கேன். நிணநீர் முடிச்சுகளில் அதே நோய் இருந்தது. மறுபடியும் கத்தி. மிச்சமிருந்த சுரப்பியையும் எடுத்து, முடிச்சுகளையும் எடுத்தார்கள். முதல் அறுவையின் தழும்பில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததால், நரம்பைப் பிரித்துக் காப்பது கடினமாக இருந்தது என்று சொன்னார்கள். அதன்பின் அக்காவின் குரல் கரகரத்துப் போயிற்று. மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து ஸ்ரீபுராணத்தைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தவர் அவர். அதற்கப்புறம் வாசிக்கவில்லை. கால்சியம் மாத்திரையும் நிரந்தரமாயிற்று.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அன்று ஓரங்களைப் பார்த்திருந்தாலும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கவே இல்லையே என்பதுதான் என் மனசில் நிற்பது. பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

கேடயச் சுரப்பி

தைராய்டு என்ற பெயர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1656-இல் இப்பெயரை இட்டார். தமிழில் கேடயச் சுரப்பி என்று எழுதுவாரும் உண்டு. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை முன்பக்கமாக அணைத்தபடி, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும். எடை சுமார் 20 கிராம். நம் உணவில் உள்ள அயோடினைக் கொண்டு உடலின் வேகத்தை நடத்தும் சுரப்பை இது செய்கிறது.

இதன் பின்புறத்தை ஒட்டி இரண்டு முக்கியமான பொருள்கள். ஒன்று, குரலை இயக்கும் நரம்பு, இடம் வலம் ஒவ்வொன்று. இரண்டு, ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் அரிசிமணி போன்ற சிறு சுரப்பிகள், வழக்கமாக நான்கு. அக்காவின் குரலும் கால்சியமும் ஏன் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

கழுத்தில் வீக்கம் என்றதும் புற்றுநோய் என்று பதற வேண்டாம். அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலை வேறு. இமயத்தடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் அந்தக் கழலையைக் குறைக்கலாம் என்று நிறுவியது. தனிக்கட்டிகளிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை. தைராய்டுக் கட்டிகளில் 100-க்கு 7 முதல் 15 வரையே புற்றுநோய் என்று அமெரிக்கத் தைராய்டுக் கழகத்தின் 2015-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. ஆகவே கேள்வி இதுதான்: இந்தக் கட்டி 85-இல் ஒன்றா, 15-இல் ஒன்றா? அதைக் கத்தி வைக்காமல் எப்படி அறிவது?

தட்டிப் பார்ப்பது

மண்பானை வாங்கப் போனால் நம் பாட்டிமார் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் செத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல். என் கடையிலும் பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. உள்ளே இருப்பதை ஒலி சொல்லும் என்பது நமக்குப் புதிதல்ல.

மருத்துவர் பயன்படுத்துவது நம் காதுக்கு எட்டாத ஒலி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். கழுத்துக்கு வைக்கும் கருவி நொடிக்கு 70 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி வரை அதிர்வுள்ள ஒலியை அனுப்புகிறது. அது சதையினுள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். தசை, சுரப்பி, நீர், சுண்ணாம்பு என்று பொருள் மாறும் இடங்களில் கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதைக் கொண்டு ஆழத்தையும், எவ்வளவு பலமாகத் திரும்பியது என்பதைக் கொண்டு வெளுப்பையும் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது.

இதன் பின்னே நீண்ட கதை உண்டு. வௌவால் இருட்டில் கண்ணால் அல்ல, காதால் வழி அறிகிறது என்பதை இத்தாலியின் ஸ்பல்லன்சானி 1790-களில் சோதித்துப் பார்த்தார். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதைப் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-இல் கண்டனர். இன்றும் ஸ்கேன் கருவியின் முனையில் மின்சாரத்தை ஒலியாகவும், ஒலியை மின்சாரமாகவும் மாற்றுவது அதே தத்துவம்தான். கிளாஸ்கோவின் இயன் டொனால்டு 1958-இல் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் ஒலியால் பார்த்து வெளியிட்ட கட்டுரை மருத்துவத்தில் இதற்கு வழி திறந்தது.

அதிர்வு கூடினால் படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் குறையும். தைராய்டு தோலுக்குக் கீழே ஓரிரு செ.மீ. ஆழத்தில் இருப்பதால் மிக நுணுக்கமான ஒலியையே பயன்படுத்த முடிகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கட்டிகூடத் தெரியும். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது. தடவும் பசை எதற்கென்றால், கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதற்காக.

கட்டியின் முகம்

கட்டியில் மருத்துவர் பார்ப்பவை ஐந்து. உள்ளே நீரா, கெட்டியா? சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருமையா, வெளுப்பா? அகலத்தைவிட உயரம் அதிகமா? ஓரம் வழவழப்பா, கரடுமுரடா? உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், அதாவது சுண்ணாம்புத் துகள்கள், உண்டா?

நீர் நிறைந்ததும், கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருப்பதும் பெரும்பாலும் சாது. கெட்டியாய், கருத்து, ஓரம் கிழிந்து, நிமிர்ந்து நின்று, வெள்ளைப் பொடி தூவியதாய் இருந்தால் சந்தேகம். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-இல் இந்த ஐந்துக்கும் மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகையை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும் முறையை வகுத்தது. ரிப்போர்ட்டில் ‘டைராட்ஸ்’ என்று வருவது இதுதான். 5-ஆம் தரமானால் 1 செ.மீ. இருந்தாலே ஊசிச் சோதனை. 4-ஆம் தரத்துக்கு 1.5 செ.மீ.; 3-ஆம் தரத்துக்கு 2.5 செ.மீ.; அதற்குக் கீழான தரங்களுக்கு ஊசி வேண்டாம்.

ஒலி சந்தேகத்தைத்தான் எழுப்பும், தீர்ப்பு ஊசியிடம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். “ஊசி குத்தினால் பரவிடும்” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அப்படி நடப்பது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதி.

கழுத்தின் ஓரங்கள்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கட்டி புற்றுநோய் என்று தெரிந்ததும், “சரி, எப்போ ஆபரேஷன்?” என்று கேட்டுவிடுகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, “கட்டி இருக்கும் இடத்தில் மட்டும்தான் இருக்கிறதா?” என்பது.

பாப்பிலரி வகை தைராய்டுப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை. மெதுவாக வளரும்; குணமாகும் வாய்ப்பு மிக நன்று. ஆனால் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குச் சீக்கிரமே போய்விடும் பழக்கம் அதற்கு உண்டு. அம்முடிச்சுகள் பல சமயம் கைக்கு அகப்படாத அளவில் இருக்கும். மேற்சொன்ன 2015 நெறிமுறைப்படி, அறுவைக்கு முந்திய கழுத்து ஸ்கேனில் 100-க்கு 20 முதல் 31 பேருக்குச் சந்தேகமான முடிச்சுகள் தென்படுகின்றன. 100-க்கு 20 பேர் வரை, செய்யப்போகும் அறுவையின் திட்டமே அதனால் மாறக்கூடும். எனவே புற்றுநோய் என்றோ அதற்குச் சந்தேகம் என்றோ வந்து அறுவைக்குப் போகும் அனைவருக்கும் முடிச்சுகளைப் பார்க்கும் ஸ்கேன் வேண்டும் என்பது அந்நெறிமுறையின் பரிந்துரை.

இதற்காகக் கழுத்தை மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். தாடைக்குக் கீழே 1. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக 2, 3, 4. அதற்குப் பின்புறம் 5. தைராய்டைச் சுற்றிய நடுப்பகுதி 6. நல்ல ரிப்போர்ட் என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மண்டலத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதுவே அறுவை மருத்துவருக்கு வரைபடம்.

ஆரோக்கியமான முடிச்சு மொச்சைக்கொட்டை போல நீள்வடிவாக, நடுவே வெளுத்த கொழுப்புக்கோட்டோடு இருக்கும். சளி பிடித்தாலும் பல் வலித்தாலும் பெரிதாகும். அதனால் பெரிதானதெல்லாம் புற்று அல்ல. உருண்டையாகி, நடுக்கோடு மறைந்து, உள்ளே நீர்ப்பையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால்தான் சந்தேகம். அப்போது அம்முடிச்சிலும் ஊசி போட்டு, ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் புரதத்தைச் செய்வது தைராய்டுச் செல் மட்டுமே. அரிசி மண்டியில் என் கடைப் பித்தளைச் சொம்பு கிடந்தால் அது எங்கிருந்து போயிருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

என் மனைவிக்கு நடந்தது

2019-இல் என் மனைவியின் கழுத்தில் கட்டி தெரிந்ததும் எனக்கு அக்காவின் முகம்தான் முன்னே வந்தது. சோனோகிராபிக்குப் போன நாள் சதுர்த்தசி. “ஏங்க, வயித்துக்கு எடுக்கற மாதிரி தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்வாங்களா? இன்னிக்கு நான் உபவாசமாச்சே” என்றாள். கழுத்துக்கு அதெல்லாம் வேண்டாம். சாப்பிட்டும் போகலாம், சாப்பிடாமலும் போகலாம். தோளுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

கட்டி 1.8 செ.மீ., 5-ஆம் தரம். ஊசிச் சோதனையில் புற்றுநோய் உறுதி. அறுவை மருத்துவர் தேதி கொடுக்கவில்லை. “முதல்ல கழுத்து முழுக்க மறுபடி பார்க்கணும்” என்றார். தைராய்டு ஸ்கேனில் தேர்ந்த ஒருவரிடம் அனுப்பினார். அவர் அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். வலப்பக்கம் 3-ஆம் மண்டலத்தில் 1.1 செ.மீ. முடிச்சு, வெள்ளைப் பொடியோடு. கையால் தடவிப் பார்த்த யாருக்கும் அது அகப்பட்டிருக்கவில்லை. ஊசி போட்டார்கள். நோய் இருந்தது.

திட்டம் மாறிற்று. சுரப்பி முழுவதும், நடுப்பகுதி முடிச்சுகள், வலப்பக்க முடிச்சுகள் எல்லாம் ஒரே அறுவையில் எடுக்கப்பட்டன. பிறகு கதிரியக்க அயோடின் ஒரு முறை. கீறல் பெரிதுதான். ஆனால் யாரும் தொடாத கழுத்தில், நரம்பு தெளிவாகத் தெரியும்போது செய்த வேலை அது.

ஒலியின் எல்லைகள்

ஒரு பொருளை விற்கிறவன் அதன் குறையையும் சொல்ல வேண்டும். காற்றையும் எலும்பையும் ஒலி தாண்டாது. மூச்சுக்குழாய்க்குப் பின்னாலும் மார்பெலும்புக்குக் கீழும் இருப்பது தெரியாது. சுரப்பி இருக்கும்வரை அதன் அடியில் மறைந்த 6-ஆம் மண்டல முடிச்சுகள் பல தப்பிவிடும். நோய் முற்றியதாகச் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேனும் வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது கருவியைப் பிடிக்கும் கையைப் பொறுத்த சோதனை. அண்டாவை யார் வேண்டுமானாலும் தட்டலாம். சத்தம் தெரிந்தவன்தான் கீறலைச் சொல்வான்.

இன்னொரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு ஒன்றுமில்லாதவர்கள் எல்லாரும் கழுத்து ஸ்கேனுக்கு ஓடக் கூடாது. தென் கொரியாவில் 1999-இல் அரசு பொதுப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, கூடவே பல இடங்களில் கொஞ்சம் காசுக்குத் தைராய்டு ஸ்கேனும் எடுத்தார்கள். 2011-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டுப் புற்றுநோய் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. ஆனால் அந்நோயால் இறப்போர் எண்ணிக்கை குறையவில்லை, அப்படியே இருந்தது. ஆயுள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கும் சிறு கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்தார்கள் என்பதே இதன் பொருள். ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை 1993 முதலே, 1 செ.மீ.க்கு உட்பட்ட அபாயமற்ற கட்டிகளை அறுக்காமல் ஸ்கேனில் கவனித்து வரும் வழியைக் காட்டியது. தள்ளுபடி விலையில் முழு உடல் பரிசோதனை என்று வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. கட்டி தெரிந்தாலோ, குரல் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தாலோ, குடும்பத்தில் இந்நோய் இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

கேட்க வேண்டியவை

தைராய்டு அறுவை என்று தேதி குறிக்கப்பட்டால் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிவைக்கிறேன்.

1. ஊசிச் சோதனை ஆயிற்றா? முடிவு என்ன?
2. ஸ்கேனில் கட்டியை மட்டும் பார்த்தார்களா, இரண்டு பக்கக் கழுத்து முடிச்சுகளையும் பார்த்தார்களா? ரிப்போர்ட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா?
3. சந்தேகமான முடிச்சு இருந்தால் அதற்கு ஊசி போட்டார்களா?
4. எதையெல்லாம் எடுக்கப் போகிறார்கள்? ஏன்?
5. குரல் நாண்களை அறுவைக்கு முன் பரிசோதித்தார்களா?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனித் தொல்லையும் உண்டு. முதல் ஸ்கேன் இங்கே, ஆபரேஷன் ஊரில், மறுபரிசோதனை மறுபடி இங்கே. காகிதங்கள் வழியில் தொலையும். ரிப்போர்ட்டோடு படங்களையும் வாங்கி ஒரே கோப்பில் வைத்து, எங்கே போனாலும் கையோடு கொண்டுபோங்கள். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். என் மனைவியின் மருத்துவர் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார்.

அறுவை முடிந்த ஆறாம் நாள் என் மனைவி அக்காவுக்குப் போன் செய்தாள். “அண்ணி, வீட்டுக்கு வந்துட்டேன்” என்றாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்தக் கரகரத்த குரலில் அக்கா சொன்னார்: “உன் குரல் அப்படியே இருக்கும்மா.” போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, “தம்பி, நீ படிச்சதை நாலு பேருக்குச் சொல்லு” என்றார்.

சொல்லிவிட்டேன். இது மருத்துவ ஆலோசனை ஆகாது. ஆலோசனையை உங்கள் மருத்துவரிடமே பெறுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.